பிரித்ததைத் தைக்கிறேன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கும் அப்படியே என்று எழுதித்தான் இத்தனை நாளும் கடிதத்தைத் தொடங்கினேன், இன்று அது வரவில்லை.

அம்மாவுக்கு மறதி முற்றிக்கொண்டே போகிறது. முப்பது வருடம் ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவள் இப்போது கையில் கிடைக்கும் துணியையெல்லாம் பிரிக்கிறாள், தலையணை உறை, திரைச்சீலை, எதையும் விட்டுவைப்பதில்லை. கை சும்மா இருந்தால் வாசலைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுகிறாள் என்பதால் நானே காலையில் ஒரு பழைய சட்டையைக் கொடுத்து உட்கார வைக்கிறேன், மதியம் அவள் கண்ணயரும்போது அதை மெஷினில் தைத்து வைக்கிறேன், மறுநாள் பிரிக்க வேண்டுமே. எழுபது வயதில் தையல் கற்றுக்கொண்டேன் போ. ஒருநாள் என் தையலைப் பார்த்து, "எந்தக் கடங்காரன் இதைத் தைச்சான், கோணல்மாணலா இருக்கு" என்று திட்டினாள். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

இன்னொன்றை உன்னிடம் மறைக்க முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போவதற்காக எடுத்து வைத்திருந்த என் ஒரே நல்ல பேண்ட்டை, நான் குளித்துவிட்டு வருவதற்குள் கால் வேறு இடுப்பு வேறாகப் பிரித்துப் போட்டிருந்தாள். அவள் கையில் ஓங்கி அடித்துவிட்டேன். ஆமாம், நான்தான். அவள் அழவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டே, "எங்க வீட்டுக்காரர் வரட்டும், உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு" என்றாள். ஈரத் துண்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் அவ்வளவு நம்புகிற அந்த மனுஷன் எங்கே போனான் என்று எனக்கும் தெரியவில்லை.

அலுத்துவிட்டதம்மா. உதவிக்கு ஆள் வைக்கலாம் என்று நீ சொன்னபோதெல்லாம் நான் இருக்கும்போது எதற்கு என்று வீறாப்புப் பேசினேன், லீவு போட்டுக்கொண்டு வராதே என்றும் சொன்னேன். இப்போது நானே கேட்கிறேன், வந்து பத்து நாள் இரு. ஆளும் பார்க்கலாம். மறுபடி கை நீண்டுவிடுமோ என்று எனக்கு என்னையே பார்த்துப் பயமாக இருக்கிறது.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. உங்கள் இருவருக்கும் என் ஆசி எப்போதும் உண்டு, அம்மாவுடையதையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வந்ததும், "நான் யாருன்னு தெரியுதா" என்று அவளைக் கேட்காதே, மிரண்டுவிடுவாள். சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருப்பதாகச் சொல். டேப் இன்னும் அவள் கழுத்தில்தான் கிடக்கிறது. உடனே எழுந்து வந்து உன்னைச் சுற்றிக் கை போடுவாள்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா