பேயும் ஒரு சாட்சிதான்

ஜனவரி 9

அன்புள்ள உனக்கு,

நலமா என்று கேட்டால், "கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்பாய். அதனால் கேட்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல சொல்லுங்க. உங்க வாயில வந்தா ஒரே விஷயம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதையா மாறுது" என்று சொல்லிவிட்டுப் போனாய். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை வரவில்லை. இன்றைக்கு வந்திருக்கிறது. காரணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கதைதான்.

ஒரு தயாரிப்பாளர் மாட்டியிருக்கிறார். பிஸ்கட் கம்பெனி நடத்துகிறவர். பேயும் துப்பறிதலும் கலந்த படம் வேண்டுமாம். என் கதாநாயகி தனியாகத் துப்பறியும் தொழில் செய்கிறவள். இறந்தவர் கடைசியாகத் தொட்ட பொருளை அவள் தொட்டால், அவர் குரல் இவளுக்கு மட்டும் கேட்கும். முதல் காட்சியில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் ஏழாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்து கிடக்கிறார். விபத்து என்று எல்லாரும் கையை உதறிவிட்டுப் போகிறார்கள். இவள் அவருடைய ஸ்பேனரை எடுக்கிறாள். "என்னைத் தள்ளிவிட்டது என் பார்ட்னர்" என்கிறது குரல். இருபது வருஷம் சேர்ந்து கடை நடத்திய பார்ட்னர். எப்படி? எழுதும்போது எனக்கே புல்லரித்தது.

அதற்கப்புறம்தான் வண்டி நின்றுவிட்டது. தயாரிப்பாளர் கேட்கிறார்: "பேயே எல்லாத்தையும் சொல்லிடுச்சே சார், அப்புறம் டிடெக்டிவ் எதுக்கு? டிக்கெட் கிழிக்கவா?" அறையில் குறுக்கே கொடி கட்டி, ஒவ்வொரு சீனையும் ஒரு அட்டையில் எழுதி கிளிப் போட்டு மாட்டியிருக்கிறேன். நாற்பது அட்டை வேண்டும். பன்னிரண்டோடு நிற்கிறது. மிச்சக் கொடியில் என் பனியன் காய்கிறது.

என் கதையில் ஓட்டை எங்கே என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நீ ஒருத்திதான். சொல்வாயா?

அன்புடன்,
நான்தான்

*

ஜனவரி 17

கதாசிரியர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு வருஷம் கழித்து ஒரு கடிதம். அதில் செத்தவன் பேசுகிறான், கட்டின புருஷன் பேசவில்லை. ரொம்ப நல்லாயிருக்கு.

முதலில் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். உங்கள் முதல் கதையை வேறொரு கம்பெனி படமாக எடுத்து வெளியிட்டது. அந்தக் கம்பெனியில் என் தம்பி கேமரா உதவியாளனாக இருந்தான். உங்கள் கதையை டைப் அடித்தவள் நான். போதாதா உங்களுக்கு? "அக்காளும் தம்பியும் சேர்ந்து என் கதையைத் திருடி வித்துட்டாங்க" என்று என் அம்மா வீட்டுக் கூடத்தில் நின்று, எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். தம்பி அந்த வாரமே சினிமாவை விட்டான். இப்போது ஒரு ஸ்டுடியோ கடையில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறான். அந்தச் சொல்லை நீங்கள் இன்றுவரை திரும்ப வாங்கவில்லை. நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வராததற்கு அது ஒன்றுதான் காரணம். கெஞ்சிக் கேட்டு வாங்குகிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, இனி உங்கள் பேய்.

இருபத்தோரு வருஷமாகக் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதை டைப் அடிக்கிறேன். பொய் சொல்கிறவர்கள் அங்கே கொஞ்சம் பேர்தான். பார்க்காததைப் பார்த்ததாக நம்பிக்கொண்டு, அடித்துச் சத்தியம் பண்ணுகிறவர்கள்தான் கூண்டு நிறைய. உயிரோடு இருக்கும்போதே மனுஷனுக்கு இந்தக் கதி. செத்ததும் புத்தி வந்துவிடுமா என்ன? பேயும் ஒரு சாட்சிதான். நீங்கள் அதைத் தெய்வமாக்கி உட்கார வைத்துவிட்டீர்கள். கூண்டில் ஏற்றி நாலு கேள்வி கேளுங்கள்.

பின்னாலிருந்து தள்ளினார்கள் என்றால் அவர் யாரைப் பார்த்தார்? முதுகில் கண்ணா இருந்தது? காலடிச் சத்தம் கேட்டிருப்பார். காலையில் பார்ட்னரோடு சண்டை போட்டிருப்பார். இரண்டையும் கூட்டி ஒரு கொலைகாரனைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவுதான்.

பனியனை வெயிலில் போடுங்கள், அறைக்குள் காயாது.

இப்படிக்கு,
கோர்ட் டைப்பிஸ்ட்

*

பிப்ரவரி 3

அன்புள்ள உனக்கு,

நீ மனுஷியே இல்லை! உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறைக்குள் மூன்று சுற்றுச் சுற்றினேன். கீழ் வீட்டுத் தையல்காரர் வந்து, "சார், கூரை இடியுது" என்றார்.

இடைவேளை கிடைத்துவிட்டது. கேள். கதாநாயகி பேயின் பேச்சை நம்பி ஆதாரம் தேடி, பார்ட்னரைப் பிடித்துக் கொடுக்கிறாள். ஊரே கைதட்டுகிறது. விலங்கோடு அவனை வண்டியில் ஏற்றுகிறார்கள். அவள் பெருமையாக ஸ்பேனரைக் கையில் எடுத்து, "சந்தோஷமா?" என்கிறாள். "ரொம்ப" என்கிறது குரல். சும்மா பேச்சுவாக்கில் கேட்கிறாள்: "தள்ளும்போது அவர் முகம் எப்படி இருந்துச்சு?" குரல் சொல்கிறது: "முகத்தை நான் பார்க்கலையே." வண்டி கிளம்புகிறது. இடைவேளை!

தயாரிப்பாளரிடம் வாசித்துக் காட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இதை யார் சொன்னது?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரி" என்றேன். சொல்லும்போது நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது, பொய் சொல்லவில்லை.

இரண்டாம் பாதிதான் இப்போது இழுக்கிறது. தப்பு தெரிந்ததும் பேய் "ஐயையோ" என்று ஒத்துக்கொண்டால் ஐந்து நிமிஷத்தில் படம் முடிந்துவிடுகிறது. என்ன செய்ய?

நீ பதிவு செய்ததையும் படித்தேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அன்புடன்,
நான்தான்

*

பிப்ரவரி 11

கதாசிரியர் அவர்களுக்கு,

"அப்புறம்." நாலு வருஷமாக அதே அப்புறம்தான். இருக்கட்டும்.

இடைவேளை நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால், எங்கள் அலுவலகத்தில் டீ குடிக்கும்போது சொன்னேன், ரெக்கார்டு ரூம் அம்மா டம்ளரை வைக்க மறந்து நின்றார்கள். தலைமை எழுத்தர், கொலை செய்தது லிஃப்ட் இருக்கிற கட்டடத்தின் மேனேஜர்தான் என்று பந்தயம் கட்டத் தயாராக இருக்கிறார். லிஃப்ட் சரியில்லை என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்திருப்பார், அதை மறைக்கத் தள்ளியிருப்பான் என்கிறார். அவர் சொல்வது சரி. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், கண்டுபிடிக்கச் சுலபமான ஆளாக இருப்பதே நல்லது. ஏனென்றால் உங்கள் இரண்டாம் பாதி கொலைகாரனைப் பற்றியது இல்லை.

பேய் ஒத்துக்கொள்ளாது. எந்தச் சாட்சியாவது "நான் சொன்னது தப்பு" என்று உடனே சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? "நான் பார்க்கலைதான், ஆனா அவன்தான்" என்பார்கள். கோபித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். உங்கள் பேயும் மூடிக்கொள்ளட்டும். அவள் காதுக்கு வேலை இல்லை, இனி காலால் நடந்து துப்பறியட்டும். அப்போதுதான் அவள் டிடெக்டிவ்.

இன்னொன்று. அந்தக் காலடிச் சத்தம் பார்ட்னருடையதாகவே இருக்கட்டும். காலைச் சண்டைக்குச் சமாதானம் பேச அந்த மனுஷன் ஏழு மாடி ஏறி வந்துகொண்டிருந்தான். அதைக் கேட்டுத்தான் இவர் தப்பாக நினைத்தார். பேய்க்கு அது தெரியவரும் இடத்தில்தான் உங்கள் கிளைமாக்ஸ் ஆரம்பிக்கிறது.

இப்படிக்கு,
கோர்ட் டைப்பிஸ்ட்

*

மார்ச் 6

அன்புள்ள உனக்கு,

நாற்பது அட்டையும் நிரம்பிவிட்டது! கொடி தொங்குகிறது.

கடைசிக் காட்சி ஜெயிலில். அவள் பார்ட்னருக்கு எதிரே உட்கார்ந்து ஸ்பேனரைப் பிடித்திருக்கிறாள். அவனுக்குக் குரல் கேட்காது. பேய் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வார்த்தையாக அவள்தான் சொல்ல வேண்டும். "நீ மாடி ஏறி வந்த சத்தத்தைத்தான் கேட்டேன். உன்னை நான் தப்பா நினைச்சிட்டேன். என் வாக்குமூலத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்." இரண்டு பக்கம் போகிறது. தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிஸ்கட் போடறதை நிறுத்திடலாம்னு தோணுது சார்" என்றார். ஜூன் மாதம் படப்பிடிப்பு.

டைட்டிலில் கதை என்று போட்டு உன் பெயரும் என் பெயரும். உன் பெயர் முதலில். இது உனக்கு நான் செய்யும் உபகாரம் இல்லை, நியாயம். முழுக்கதையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடைசி இரண்டு பக்கத்தைப் படித்தால் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று உனக்குப் புரியும்.

அன்புடன்,
நான்தான்

*

மார்ச் 14

கதாசிரியர் அவர்களுக்கு,

படித்தேன். வாசகியாக அழுதேன். மனைவியாக எரிச்சல்தான் வந்தது.

எனக்குப் புரிந்தது. புரியாமல் என்ன? ஆனால் மன்னிப்புக் கேட்டது ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லையே. பேய்க்காவது உடம்பு இல்லை, பேச இன்னொரு ஆள் தேவைப்பட்டது. உங்களுக்கு என்ன வந்தது? கையும் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. நீங்கள் எழுதினதிலேயே இதுதான் சிறந்த காட்சி. அதைத் தூதனுப்பிவிட்டு ஒளிந்துகொண்டால் எப்படி?

உங்களைக் கூண்டில் ஏற்றுகிறேன். பதில் சொல்லுங்கள்.

அந்த முதல் கதையை எத்தனை தயாரிப்பாளரிடம் சொன்னீர்கள்? எனக்குத் தெரிந்து பதினோரு பேர். பாட்டெல்லாம் பாடி, மேஜை மேல் ஏறி நின்று, நடித்தே காட்டினீர்கள். முடி வெட்டப் போன இடத்தில் சொன்னீர்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொன்னீர்கள். டைப் அடித்தவள் வாய் திறக்கவில்லை. அப்படியிருக்க, வெளியே போன கதைக்கு அவள்தான் காரணம் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? அவள் கொடுத்ததைப் பார்த்தீர்களா?

டைட்டிலில் என் பெயரைப் போடுங்கள். அது நான் உழைத்துச் சம்பாதித்தது, விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதை வைத்து இதைத் தீர்த்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

இப்படிக்கு,
கோர்ட் டைப்பிஸ்ட்

*

ஏப்ரல் 22

அன்புள்ள உனக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஒன்பது தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் எனக்கு நானே நல்ல வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். இதில் வசனம் இல்லை.

நீ கொடுத்ததை நான் பார்க்கவில்லை. உன் தம்பி வாங்கியதையும் பார்க்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் திருடினீர்கள் என்று நான் சொன்னது பொய்.

இன்னொன்றும் இருக்கிறது. இது உனக்குத் தெரியாது. அந்தப் படக் கம்பெனியின் மேனேஜரை, படம் வருவதற்கு முந்தைய வருஷம், ரயிலில் பார்த்தேன். எதிர் சீட்டு. ஆறு மணி நேரப் பயணம். முழுக்கதையையும் நானே சொன்னேன், சீன் சீனாக. அவர் ரசித்துக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ போன மறு மாதமே அது ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கே உன் தம்பியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் முட்டாள் என்று ஆகிவிடும். அந்த ஒரு கௌரவத்துக்காக வாயை மூடிக்கொண்டு, உங்கள் இரண்டு பேரையும் நாலு வருஷம் திருடர்களாகவே விட்டுவைத்தேன்.

இந்தக் கடிதத்தை அப்படியே கையால் இன்னும் இரண்டு தடவை எழுதி, ஒன்றை உன் அம்மாவுக்கும் ஒன்றை உன் தம்பிக்கும் அனுப்பிவிட்டேன். எல்லார் முன்னாலும் சொன்னதை உன்னிடம் மட்டும் ரகசியமாக வாபஸ் வாங்கினால் அது வாபஸ் இல்லை.

உன்னிடம் எதையும் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் எதையும் கேட்கவில்லை.

உன் கணவன்

*

மே 2

அன்புள்ள உங்களுக்கு,

ரயில் விஷயத்தைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தெரியாமல் சொன்னீர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தெரிந்தே கிட்டத்தட்ட நாலு வருஷம் சும்மா இருந்திருக்கிறீர்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இனி எப்போது சண்டை வந்தாலும் அதை எடுப்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் எடுத்து நீவி வைத்து மறுபடி படித்தேன். அந்த ரயிலில் நான் இல்லை, தம்பி இல்லை. நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. இருபத்தோரு வருஷத்தில் யாரும் கேட்காத விஷயத்தை எடுத்துத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன ஒரு ஆளையும் நான் டைப் அடித்ததில்லை. அந்த ஆள் என் புருஷன் என்று நினைத்தபோது எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது. வேறு வார்த்தை தெரியவில்லை.

அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன். என் வேலை இங்கே. இந்த வீட்டில் ஜன்னல் ஓரமாக ஒரு மேஜை போட இடம் இருக்கிறது. அட்டை மாட்டக் கொடியும் கட்டலாம். யோசித்துக்கொள்ளுங்கள்.

நேற்று அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா உங்கள் கடிதத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அனுபவியுங்கள். தம்பி தனக்கு வந்ததைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். சாப்பிட்டான், கடைக்குக் கிளம்பினான், வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"மாமா எப்பக்கா வர்றாரு?" என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டேன். காலை ஏழு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது.

உங்கள் மனைவி