நீ அனுப்பிய ஒயில் பம்ப்

கல்முனைக்குடி,
13.02.1955

அன்புள்ள மகன் றஸாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறோம், நீயும் கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, வேலையில் மனம் வைத்து நல்லபடி இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஐந்து நேரத் துஆவும். மழை விட்டதோடு உன் உம்மாவுக்கு முழங்கால் நோவு குறைந்துவிட்டது, ஆனால் குறைந்துவிட்டது என்று நான் சொன்னால் அவளுக்குப் பிடிப்பதில்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். உன் கூடப்பிறந்த ராத்தாவின் சின்ன மகள் ஸுல்பிகா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், கை வழுக்கி உட்கார்ந்துவிட்டால் நாங்கள்தான் தள்ளிவிட்டோம் என்பதுபோல ஒவ்வொருவரையும் பார்க்கிறாள். வேளாண்மை இம்முறை நன்றாக விளைந்து வெட்டும் தொடங்கிவிட்டது, விடிந்தால் மில் வாசலில் நெல்லு வண்டில்கள் வந்து நிற்கின்றன.

மில்லைப் பற்றித்தான் உனக்கு ஒரு விசயம் எழுத வேண்டும். மில்லை நடத்துகிற ராத்தாவின் மாப்பிள்ளை, உன் மச்சான் ஜவுபர், எழுத வேண்டாம் என்றார், உம்மாவும் பிள்ளை தூர இடத்தில் இருந்து கவலைப்படுவான் என்றாள், ஆனால் எழுதாவிட்டால் வரப்போகிற நட்டம் பெரிது என்பதால் எழுதுகிறேன், முழுவதையும் வாசித்துவிட்டு யோசி. நீ கொழும்பில் பழைய எஞ்சினிலிருந்து கழற்றியதாக எடுத்து ரயில் கோச்சியில் அனுப்பிய ஒயில் பம்ப் வந்து சேர்ந்த அன்று இங்கே பெருநாள்போல இருந்தது. பழைய பம்ப் வெடிப்பு விட்டு எஞ்சின் நின்றிருந்த நேரம், நீ அனுப்பியதோ அதே கம்பனிச் சாமான், ஆணி பூட்டுகிற ஓட்டைகள் ஒன்றுக்கொன்று அச்சாக இருந்தன, எஞ்சின் ஓட்டும் சொறிக்கல்முனை நேசராசா பம்ப்பை ஆட்டுகிற கம்பியை மட்டும் கொஞ்சம் வெட்டி வளைத்தார், பூட்டி ஓட்டிய உடனேயே எஞ்சின் தேயாமல் இருக்க உள்ளே இறங்குகிற ஒயில் சின்னக் கண்ணாடிக்குள்ளே மளமளவென்று சொட்டியது. மச்சான் வருகிற போகிற எல்லாரையும் கூப்பிட்டு அந்தக் கண்ணாடியைக் காட்டினார். மாப்பிள்ளைக்கு நெய்ச்சோறு போடுகிற மாதிரி ஒயில் கொடுக்கிறது என்று நானும் பக்கத்தில் நின்று சொன்னேன், என் பேச்சுக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு கொஞ்ச நாளில் புகை கறுத்தது. பக்கத்து வளவில் சபூறா மாமி நெல் அவித்துப் பாயில் காயப்போடுவது உனக்குத் தெரியும்தானே, அந்த நெல்லில் கறுப்புக் கறுப்பாகப் பொட்டு விழத் தொடங்கியது, குத்தி எடுத்த அரிசியிலும் ஒயில் வாசம். நாங்கள் வாடைக்காற்று புகையைக் கீழே அமர்த்துகிறது என்றோம், மண்ணெண்ணெய் கலப்படம் என்றோம், எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்றுகூடச் சொன்னோம். பம்ப்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. சபூறா மாமி ஒரு குறையும் சொல்லாமல், அந்தப் பக்கம் வெயில் நன்றாக விழுகிறது என்று சொல்லி நெல்லைத் தெற்கே உள்ள மில்லுக்குக் கொண்டுபோனா. அவவைப் பார்த்து மற்ற நெல் அவிக்கிற பெண்களும் ஒவ்வொருவராக எங்கள் மில்லுக்கு வராமல் நின்றார்கள். வெட்டுக்காலத்துக் குத்துதான் மில்லுக்கு முழு வருசத்துச் சீவியம் என்பது உனக்குத் தெரியாததல்ல. மச்சான் இரவில் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார், எஞ்சினை விற்றுவிட்டு வேறு பார்ப்போமா என்று ஒருநாள் என்னிடமே கேட்டார், அப்போதும் பம்ப்பின் பெயர் அவர் வாயில் வரவில்லை.

கடைசியில் வாயைத் திறந்தவள் உன் ராத்தா நஸீறாதான். கொடியில் காயப்போட்ட பிள்ளையின் சட்டையை எடுத்துவந்து எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் போட்டாள், வெள்ளைச் சட்டை மிளகு தூவினதுபோல இருந்தது. “தம்பி அனுப்பின சாமான் எண்டு ஒருத்தரும் வாயத் தொறக்கிறீங்க இல்ல. நீங்க மரியாதைக்குப் பாத்துக்கிட்டு இரிங்க, எஞ்சினுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியுமா? ஒரு தகரம் ஒயில் முந்தி எவ்வளவு நாளைக்கு வந்த, இப்ப எவ்வளவு நாளைக்கு வருது? வெயில் அங்க நல்லா விழுதாம், ரெண்டு இடத்துக்கும் ஒரே சூரியன்தானே” என்றாள். அப்போதுதான் மச்சான், ஒயில் சொட்டுவதைக் குறைக்கிற திருகாணியைத் தான் எப்போதோ முடியும் மட்டும் திருகிப் பார்த்துவிட்டதாகவும், அப்படியும் குறையவில்லை என்றும் சொன்னார். மாமாவின் மகன் ஆசையாக அனுப்பியதை எப்படிக் குறை சொல்வது என்று இருந்தாராம். நேசராசாவைக் கூப்பிட்டுக் கேட்டால் அவர் அதற்கு மேல். “ஓம் சேர், நான் முதல்நாளே பாத்தன், கம்பிய வெட்டி வளைக்க வேண்டி வந்தா அது நம்மட அளவு இல்லத்தானே. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்க, நான் என்னத்தச் சொல்ற” என்றார். எனக்கும் மனதில் ஒரு சந்தேகம் இருந்ததுதான், என் மகன் அனுப்பியது என்று நானும் காற்றையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு பேரும் ஒன்றையே நினைத்துக்கொண்டு நான்கு பக்கம் பார்த்திருக்கிறோம்.

உடனே பழைய பம்ப்பையும் கொண்டுவந்து, புதியதைக் கழற்றி, இரண்டையும் ஒரு சாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். எல்லாம் ஒன்று, கம்பி பூட்டி எஞ்சின் ஆட்டுகிற பம்ப்பின் கை மட்டும் வேறு. பழையதின் கை நீளம், நீ அனுப்பியதின் கை அதில் பாதிதான். இது உனக்குத் தெரிந்த வேலை, நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. ஒரு கதவை விளிம்பில் பிடித்து ஒரு சாண் தள்ளினால் கொஞ்சம்தான் திறக்கும், சுவரோடு பூட்டியிருக்கிற பிணைச்சலுக்குக் கிட்டப் பிடித்து அதே ஒரு சாண் தள்ளினால் அகலத் திறந்துவிடும். கை கட்டையானதால் எஞ்சின் தள்ளுகிற அதே தள்ளுக்குப் பம்ப் கூடுதலாகச் சுழன்று கூடுதலாக ஒயிலைக் கொட்டியிருக்கிறது, அந்த மிச்ச ஒயில் எரிந்துதான் புகையும் பொட்டும். நீ எடுத்தது ஏதோ பெரிய எஞ்சினிலிருந்து கழற்றியது போலும், அதற்கு அது சரியான அளவுதான். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கத்திப் படிப்பிக்கிற வாத்தியாரைக் கொண்டுவந்து நான்கு பிள்ளைகளுக்கு முன்னால் விட்டால் என்ன நடக்கும், வாத்தியாரில் குறையில்லை, பிள்ளைகளின் காதுதான் அடைக்கும். ஒரே கம்பனிச் சாமான் என்பதால் பழைய கை புதிய பம்ப்பின் அச்சில் அப்படியே இறங்கியது, நேசராசா வேறு கம்பி வைத்துப் பூட்டினார், திருகாணியையும் பழைய இடத்துக்கு மச்சான் கொண்டுவந்தார். இப்போது சொட்டு அமைதியாக விழுகிறது, புகை கண்ணுக்குத் தெரிகிறதும் இல்லை.

பொட்டு விழுந்த நெல்லுக்குப் பதிலாகச் சபூறா மாமிக்கு மச்சான் தானே இரண்டு மூட்டை நல்ல நெல் கொண்டுபோய் இறக்கிவிட்டு, விசயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு நேற்று மாமி நெல்லோடு இங்கே வந்தா. “என்ன மருமகன், இனித் தாளிக்க எண்ணெய் வாங்கத் தேவையில்ல எண்டு சந்தோசமா இரிந்தன், அதையும் நிப்பாட்டிப் போட்டீங்களே” என்று மில் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னா. மச்சான் வெட்கப்பட்டுச் சிரித்தார். மற்றப் பெண்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டு நீ மனம் வருந்தக்கூடாது மகன். நீ அனுப்பியிராவிட்டால் இந்த வெட்டுக்கு எஞ்சினே ஓடியிராது. நான் அவசரமாக எழுதுவதற்குக் காரணம் வேறு. அப்துல் ஹமீட் காக்காவின் மில்லுக்கும் ஒரு பம்ப் பார்த்து வைத்திருக்கிறதாக எழுதியிருந்தாய். அவருடைய எஞ்சின் எங்களுடையதிலும் பெரியது. நீ பார்த்தது சின்ன எஞ்சினிலிருந்து கழற்றியதாக இருந்து, ஒயில் குறைந்து போனால், புகையும் வராது, சட்டையிலும் பொட்டு விழாது, ஒருவருக்கும் தெரியாமல் எஞ்சின் உள்ளே காய்ந்து இறுகிவிடும், அவரும் உன்மேல் உள்ள பிரியத்தில் ஒன்றும் சொல்லமாட்டார். அதனால் அவரிடம் இப்போது இருக்கிற பம்ப்பின் கையை இந்தத் தாளின் பின்பக்கம் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறேன். நீ எடுக்கிற சாமானை அதன்மேல் வைத்துப் பார், கையோடு வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும், எல்லாம் ஒத்து வந்தால் மட்டும் அனுப்பு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், உன் கைத்தொழிலில் பறக்கத்தும், நல்ல மனிதரின் சகவாசமும் தருவானாக. உம்மாவும் ராத்தாவும் சலாம் சொல்லச் சொன்னார்கள். மச்சானுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுதி, இப்போது பம்ப் எப்படி ஓடுகிறது என்று கேள். எல்லாம் நல்லம் என்று மட்டும் அவர் பதில் போட்டால் நம்பாதே, ராத்தாவிடம் கேட்டு எழுது.

உன்மேல் என்றும் பிரியமுள்ள வாப்பா,
மீ. உதுமாலெப்பை