வாசற்படியில் சிட்டு

ஜூலை 3

சிட்டுவின் அம்மாவுக்கு,

வணக்கம். நான் அவளுடைய மூன்றாம் வகுப்புத் தமிழ் டீச்சர். ஆட்டிசம் உள்ள குழந்தை என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தீர்கள். அதனால் இது புகார் இல்லை. எனக்கு மண்டை குடைகிறது, அவ்வளவுதான். என் பாடவேளையில் அவள் தங்கம். நான் வெளியே போனதும் எழுந்து வாசற்படியில் நின்றுகொள்கிறாள். கணக்கு சார் தலைகீழாக நின்று பார்த்தும் உட்காரவில்லை. "இப்படியே போனா வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லிடுவேன்" என்று தலைமையாசிரியை மாதக் கடைசிவரை கெடு வைத்துவிட்டார். அங்கே நின்று அவள் எதைப் பார்க்கிறாள்?

அன்புடன்,
டீச்சர்

ஜூலை 4

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முன்பு இரண்டு பள்ளிகளிலிருந்து வந்த கடிதங்களில் ஒரு கேள்விகூட இருந்ததில்லை. வீட்டிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் நிற்பாள். வண்டிகளை வேடிக்கை பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஒன்று சொல்கிறேன், சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வாள். "வாயை மூடு" என்றால் கையால் பொத்திக்கொள்வாள். கிளம்பும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சிட்டுவின் அம்மா

ஜூலை 9

அன்புள்ள அம்மா,

நான் ஒரு மக்கு! எல்லோரும் சொல்வதைத்தான் சொல்கிறேன்: "போயிட்டு வரேன்." போன நான் திரும்பி வரவில்லையே! "யாருக்காக நிக்கிற?" என்று கேட்டேன். "வரேன்னு சொன்னீங்க" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுநாளிலிருந்து "நாளைக்குப் பத்து மணிக்கு வருவேன்" என்று சொல்லி, பலகையிலும் எழுதுகிறேன். உட்கார்ந்துவிட்டாள்! தலைமையாசிரியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கயே இருக்கட்டும்" என்றார். இனிமேல் எனக்குக் காய்ச்சல்கூட முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

மக்கு டீச்சர்

ஜூலை 10

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை நேற்று அடுப்படியில் நின்றபடி படித்தேன். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அவளுடைய அப்பா இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், ஆறு மணிக்கு, பெட்டியோடு கிளம்பினார். இப்போது அவருக்கு வேறு குடும்பம். அன்று அவள் கன்னத்தைத் தட்டி அவரும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொன்னார்.

நேற்று ஆறு மணிக்கு அவள் பக்கத்தில் போய் நின்றேன். "அப்பா இங்க திரும்பி வர மாட்டாரு, கண்ணு" என்றேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானேகூட.

"சரி" என்றாள். செருப்பைக் கழற்றி அதன் இடத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான்தான் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தேன்.

சிட்டுவின் அம்மா