வாசுதேவநல்லூருக்குப் பூசிக்கொண்டு போன சென்ட்

மாமா,

உங்கள் வெள்ளை டெரிலின் சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்து எனக்கு அளவாகப் பிடிக்கச் சொல்லியிருந்தாள் அத்தை. நேற்று வந்தது. இன்று காலை அதைப் போட்டுக் கழுத்துப் பித்தானை மாட்டினேன். காலருக்குள்ளிருந்து நீங்கள் வந்தீர்கள். முதலில் லவங்கம், பின்னால் பட்டை, அதற்கும் பின்னால் வெயிலில் வைத்த மரப்பெட்டியைத் திறந்தது போல ஒன்று. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தச் சட்டை எத்தனை வெளுப்பைப் பார்த்திருக்கும். 'நின்று பிடிக்கும் திறன்' என்ற பாடத்தில் அந்தச் சென்ட்டுக்கு நாம் நூற்றுக்கு எழுபதுதான் போட்டோம். அநியாயம் மாமா. மார்க்கைத் திருத்தியாக வேண்டும்.

அது நம் கைக்கு எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுத எழுத எனக்குச் சுகமாக இருக்கிறது. தென்காசி ஜவுளிக்கடையில் நீங்கள் கைலிப் பகுதியில் நிற்பீர்கள். கடையநல்லூரிலிருந்து கைலி கொண்டுவந்து போடும் நெசவுக்கார பாய், சிங்கப்பூரில் இருந்த தம்பிக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் உறையின் மேல் இங்கிலீஷ் விலாசத்தை உங்களிடம்தான் எழுதி வாங்குவார். தம்பி ஊருக்கு வந்ததும் உங்களுக்கென்று ஒரு சீசா வந்தது. சதுரச் சீசா, தேன் நிறத் தண்ணீர், மரக்கட்டை மூடி. "அண்ணாச்சி, இது சீமைத் துரைமார் சவரம் பண்ணிட்டுப் போடுதது. நம்ம அத்தர் மாதிரி நெனச்சு அள்ளிப் பூசிராதீங்க" என்றார் பாய். வீட்டில் அம்மா அதைக் காய்ச்சலுக்கு நெற்றியில் போடுகிற ஓடிகோலன் என்று நினைத்து மருந்து அலமாரியில் வைக்கப் பார்த்தாள். உங்கள் பொருளை உங்கள் அக்காவிடமிருந்து காப்பாற்றியவன் நான்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. நீங்கள் பேசமாட்டீர்கள், நான் பேச்சை நிறுத்தமாட்டேன். ஆகவே பரீட்சை எழுதுகிறவர் நீங்கள், மார்க் போடுகிறவன் நான் என்று ஏற்பாடு. உங்கள் இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு. என் கணக்கு நோட்டின் பின்பக்கம் மதிப்பீடு. போட்டவுடன் நாரத்தங்காய்த் தோலை நகத்தால் கிள்ளியது போல மூக்கில் சுள்ளென்று ஏறும். அரைமணி நேரத்தில் அது ஓடிப்போய் லவங்கமும் பட்டையும் வந்து உட்காரும். சூடாக, கொஞ்சம் இனிப்பாக. மத்தியானத்துக்கு மேல் ஜாதிக்காய். நான் அவசரப்பட்டு மொத்த மார்க்கைக் கூட்டப் போவேன். நீங்கள் மணிக்கட்டை மோந்துவிட்டு, "இருலே, அது இன்னும் வரல" என்பீர்கள். எது வரவில்லை என்று சொல்லமாட்டீர்கள். சாயங்காலம் கடையிலிருந்து திரும்பிக் கையை நீட்டினால், சந்தனக்கட்டை வைத்த பழைய பெட்டியின் வாசம்.

வெயிலில் சத்தமாகப் பேசுகிறது, சாரலில் முணுமுணுக்கிறது என்று எழுதினேன். அருவித் தேர்வும் வைத்தோம். குற்றாலத்தில் உங்கள் காதுக்குப் பின்னால் இரண்டு சொட்டு விட்டுவிட்டு, எண்ணெய் தேய்க்கிறவரிடம் உங்களை ஒப்படைத்தேன். அவர் தலையில் எண்ணெயை வைத்தவர் அப்படியே நின்று, "என்ன சார், கடவாப் பல்லு வலியா? லவங்கத் தைலம் போட்டிருக்கியளே" என்றார். பேரருவியில் கால்மணி நேரம் நின்று வந்த பிறகும் காதுக்குப் பின்னால் ஏதோ கொஞ்சம் மிச்சமிருந்தது. நோட்டில் முடிவு எழுதி அடிக்கோடிட்டேன்: இரண்டு சொட்டு, புறப்பட ஒரு மணி நேரம் முன்பு, அதற்கு மேல் கூடாது.

அந்த முடிவை மீறியவனும் நானே.

வாசுதேவநல்லூரில் உங்களுக்குப் பெண் பார்க்கப் போனோம். அது நாலாவது இடம். முந்தின மூன்று வீட்டிலும் நீங்கள் ஜமக்காளத்தின் பூவை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்; மூன்று வீட்டிலும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் யோசிக்கிறார்கள். உங்களுக்கு முப்பத்திரண்டு முடிந்திருந்தது. இதுவும் தட்டிப்போனால் இனிப் பெண் தேடப்போவதில்லை என்று அம்மா என் காதுபடவே சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இவர்தான் வாயைத் திறக்கப்போவதில்லை, வாசனையாவது பேசட்டுமே. இஸ்திரி போட்டு மாட்டியிருந்த இதே சட்டையின் காலரிலும் கைக்குட்டையிலும் சீசாவைக் கவிழ்த்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "ஏலே, எத்தன சொட்டு?"

"எண்ணல மாமா."

"சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

நம் வீடுகளில் லவங்கம் தாம்பூலத்துக்கு, ஏலம் பாயசத்துக்கு. பட்டையும் லவங்கமும் சேர்ந்து மணந்தால் அது கறிக்குழம்பு. வேறு அர்த்தமே கிடையாது. சைவ வீட்டுப் பெண்ணைப் பார்க்கச் சைவ வீட்டு மாப்பிள்ளை அந்த வாசத்தோடு போய் உட்கார்ந்தால் என்னவாகும் என்று என் நோட்டில் எழுதவில்லை.

தண்ணீர்ச் சொம்போடு வந்த பெண்ணின் பெரியம்மா உங்களுக்கு மூன்றடி முன்னாலேயே நின்றாள். மூக்கு இரண்டு தரம் அசைந்தது. சொம்பை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே பஜ்ஜி பொரிகிற சத்தம் நின்றது. பெண்ணின் அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் திரும்பிவந்து துண்டை உதறி உட்கார்ந்து, என் அப்பாவைக் கேட்டார்:

"பஸ்ஸு கடையநல்லூர்ல ரொம்ப நேரம் நின்னுதோ?"

"அரை மணி நேரம் நின்னுட்டு. எஞ்சினுக்குத் தண்ணி ஊத்துனான்."

"எறங்கிச் சாப்பிட்டியளாக்கும்."

"டீத்தண்ணிகூடக் குடிக்கல அண்ணாச்சி."

"மாப்பிள்ள?"

நீங்கள் ஜமக்காளத்தில் ஏழாவது பூவுக்கு வந்திருந்தீர்கள். உள்கதவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "திங்கவங்கள நாங்க குத்தஞ் சொல்லல. சைவம்னு சொல்லிட்டு வாசத்தோட வந்து உக்காந்தா எப்பிடி?"

அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள், மறுபடி குனிந்துகொண்டீர்கள். 'இந்தப் பயல் செய்த வேலை' என்று சொன்னால் தீர்ந்தது. சொல்லவில்லை. அதுவரை என் குறும்புக்கு யாராவது காது திருகுவார்கள். யாரும் எனக்காகப் பேசாமல் உட்கார்ந்ததில்லை. எழுந்து நின்றேன்.

"அது கறி இல்ல பெரியம்மா. சென்ட்டு. நாந்தான் ஊத்துனேன்."

"எந்த ஊர்லலே கறிவாசத்துல சென்ட்டு விக்கான்?"

"சிங்கப்பூர்ல."

ட்ரவுசர் பையிலிருந்து சீசாவை எடுத்து நீட்டினேன். மிச்சத்தைத் திரும்பும் வழியில் கண்டக்டரின் பையில் தெளிப்பதாக உத்தேசம், அதனால் கூடவே வந்திருந்தது. பெரியம்மா மூடியைத் திறந்து மோந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் உள்ளே கொண்டுபோனாள். பிறகு உள்ளேயிருந்து ஆளுக்கொரு குரல்: "ஏட்டி, நல்லாத்தான் இருக்கு." "பல்லுவலித் தைலம்லா இது." "இங்கன குடு, எனக்குப் பாயசம் மாதிரி இருக்கு." ஒரு சிரிப்பு, அதை அடக்கும் இன்னொரு சிரிப்பு. அதற்குப் பிறகு, அதுவரை கேட்காத ஒரு குரல்:

"மொதல்ல நாரத்தங்காத் தோலு, பொறவுதான் லவங்கம். ஆனா வந்திருக்கவங்க மேல நாரத்தங்கா வாசமே இல்லன்னு பெரியம்மா சொல்லுதாளே?"

நீங்கள் தலையை நிமிர்த்தினீர்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் மாமா.

"அது அரை மணியில போயிரும்" என்றீர்கள் கதவைப் பார்த்து. "பஸ்ஸுலயே போயிட்டு."

"போனா?"

"லவங்கம். மத்தியானம் வரைக்கும் அதுதான். பொறவு ஜாதிக்கா."

"அதுக்குப் பொறவு?"

"சாயங்காலம் சந்தனப் பெட்டியத் தொறந்தாப்பல ஒண்ணு வரும். அதுதான் இதுல நல்லது. ஆனா காத்துக்கிட்டு இருக்கணும்."

ஒரே மூச்சில் நீங்கள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அப்பா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா விட்டத்தைப் பார்த்தாள். உள்ளேயிருந்து பதில் வந்தது: "அப்பா, அவங்கள சாயங்காலம் வரைக்கும் இருக்கச் சொல்லுங்க. வருதான்னு பாத்துருவோம்."

எண்ணெய்ச் சட்டி மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது.

மத்தியானம் அங்கேயே சாப்பிட்டோம். ஐந்து மணிக்குப் பெரியம்மாவே வந்து உங்கள் தோள் பக்கம் குனிந்து மோந்துவிட்டு, "ஆமா, சந்தனந்தான்" என்று தீர்ப்புச் சொன்னாள். அதற்குப் பிறகு நாள் குறிப்பதைத் தவிர அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. அன்று முதல் அந்த ஊருக்குப் போகும் கடித உறையில் நான் வாசதேவநல்லூர் என்றுதான் எழுதுகிறேன்; தபால் என்னவோ சரியாகப் போய்ச் சேருகிறது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், "என்னையக் காட்டிக் குடுத்திருக்கலாம்லா மாமா? ஏன் பேசாம இருந்தீங்க?"

"வாய் வரலலே" என்றீர்கள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவ கேட்டா, வந்துட்டு."

போன ஆவணியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. எழுத இருப்பதெல்லாம் அதற்கு முந்தின நாலு வருஷம். நீங்களும் அத்தையும் சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பீர்கள். அடுப்பங்கரையிலிருந்து அம்மா, "இவனா பேசுதான்?" என்று என்னைக் கேட்பாள், ஏதோ நான்தான் சாவி கொடுத்துவிட்டது போல.

இன்று மத்தியானம் அத்தையையும் உங்கள் மகளையும் ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். சாரல் நன்றாக விழுகிறது. மகளுக்கு இரண்டரை வயது, நடக்க நன்றாகத் தெரியும், ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உங்கள் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு என் தோளில் ஏறிவிட்டாள். அருவி ஏன் மேலே போகாது, குரங்கை யார் குளிப்பாட்டிவிடுவார்கள், தண்ணீர் தீர்ந்துபோனால் யார் ஊற்றுவார்கள் என்று மேலேயிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குத் தோள் கடுத்தது. "எறங்குட்டி, கொஞ்சம் நடந்து வா" என்றாள் அத்தை. அவள் இறங்கவில்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை.