வைக்கோல் கருகவில்லை

அக்கா,

இன்று காலை எலப்புள்ளிக்காரர் ஒருவர் துண்டில் சுற்றி ஒரு கல்லைக் கொண்டுவந்து, பத்திரிகை அலுவலகத்தில் என் மேசைமேல் வைத்தார். வானத்திலிருந்து விழுந்ததாம். உள்ளங்கையளவுதான், கருகிய தோல், அளவுக்கு மீறிய கனம்.

"எங்க விழுந்துச்சுங்க?" என்றேன்.

"வைக்கப்போருலீங்க."

"போரு பத்துச்சா?"

"இல்லீங்க, அப்படியே நிக்குது. ஏனுங்க கேக்கறீங்க?"

உனக்காகக் கேட்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

முதலமடையில் நீ குத்தகைக்கு உழுத நிலம் ஊரின் பெரிய நிலக்கிழாரான ஜன்மியுடையது. ஆனால் அதை ஆண்டது அவருடைய காரியஸ்தன். மாமா இறந்த பிறகும் நீ அங்கேயே இருந்தாய். சுற்றிலும் கிணறுகள் வற்றிய கோடையில் உன் கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றது. தன் மைத்துனனுக்காக அவன் அதைக் கேட்டான். "கெணறு எங்கூட்டுக்காரரு வெட்டுனதுங்க. அந்த ஊட்டுல நான் இருக்கறவரைக்கும் ஆகாது" என்றாய்.

அடுத்து வந்த மாசியில் ஒருநாள் பொழுது சாயும் நேரம். எரிவெள்ளி ஒன்று வானத்தைக் கீறிக்கொண்டு தென்மலைக்கு அப்பால் போய் மறைந்தது. ஊரே பார்த்தது. சற்று நேரத்தில் உன் கூரை பற்றியது. பந்தத்தோடு வேலி தாண்டி ஓடிய காரியஸ்தனை நீ கண்ணால் கண்டாய்.

கூரையைப் பற்றவைத்தது எரிவெள்ளிதான் என்று அவன் ஊரெல்லாம் பரப்பியிருக்க, ஊர் அதிகாரி விசாரிக்க வந்தார். நானும் உன் பக்கத்தில் நின்றேன்.

"வெள்ளி விழுந்ததப் பாத்தியா?"

"பாத்தனுங்க."

காரியஸ்தன் சிரித்தான். "எரிவெள்ளி பாத்தவங்களுக்கு மறதி வரும்னு ஊருக்கே தெரியும். இவ கண்டது என்னையா வேற ஆளையான்னு இவளுக்கே நெனப்பிருக்காது. இதெல்லாம் ஒரு சாட்சியா?"

நம் பக்கத்து நம்பிக்கை அது. அதற்கு மாற்றும் உண்டு: உடனே பூக்களின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

"பூப்பேரு சொல்லிப்போட்டுத்தானுங்க நின்னேன். ஆவாரம், அரளி, செவந்தி, எருக்கு, தும்பை. அத்தனையும் நெனப்பிருக்குது. உங்க மூஞ்சியும் நல்லா நெனப்பிருக்குதுங்க" என்றாய்.

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, வானத்து நெருப்பு விழுந்த இடத்தில் மனிதர் குடியிருக்கலாகாது என்று முடித்துவிட்டார். நான் எழுதி அனுப்பிய செய்தி அச்சாகவில்லை. அடுத்த கோடையில் மைத்துனனின் ஏற்றம் உன் கிணற்றில் இறைத்தது.

கொல்லங்கோட்டில் என் வீட்டில்தான் நீ கண்மூடினாய். "அவன் நல்லாத்தான் இருக்கறான். பாத்துக்கோ, கண்ணு" என்றாய். பொறுத்துப் போகச் சொல்கிறாய் என்று மற்றவர்கள் எண்ணினார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

கல் விழுந்ததாக எங்கே கேள்விப்பட்டாலும் போனேன். பாதி புரளி, மீதியில் பெரும்பாலும் கொல்லன் உலைக் கசடு. மெய்யாகவே விழுந்த சில கற்களில் ஒன்றுகூட ஒரு வைக்கோலைக் கருக்கியதில்லை. மேலே எரிவது தோல் மட்டும்தான், உயரத்துக் குளிரில் ஆறித்தான் தரைக்கு வருகிறது என்று கல்லூரி ஆசிரியர் ஒருவர் விளக்கினார். அதன் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கல்லின் செய்தியும் ஒரே வரியில் முடிந்தது: வைக்கோல் கருகவில்லை. பெரிய வால்வெள்ளி வந்தபோதும் விடவில்லை. எந்தக் கூரையும் பற்றவில்லை என்று எழுதினேன்.

போன மாதம் வண்டிப்பேட்டையில் காரியஸ்தன் என்னைத் தேடி வந்தான். கோலூன்றிய கிழவன்.

"ஏனுங்க பத்திரிகைக்காரரே, பேரன்தான் எனக்குப் படிச்சுக் காட்டறான். எல்லாக் கல்லுக்கும் அடியில அந்த ஒரு வரி எதுக்குன்னு கேக்கறான்."

"நீங்களே பேரங்கிட்டச் சொல்லுங்களேன்."

அவன் கோலை ஊன்றி இன்னும் நெருங்கி வந்தான். எனக்குள் இரக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

"அத நிறுத்தக் கூடாதுங்களா?"

"கல்லு விழறது நிக்கட்டுங்க. நானும் நிறுத்தறேன்."

வானத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை, அக்கா. அவனுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று நாள்தோறும் மனதார வேண்டிக்கொள்கிறேன்.