ஷிஃப்ட் முடிந்தும் உள்ளே இருந்தவர்

வேலூர், 1998

அன்புள்ள நைனாவுக்கு,

ஆண்டவர் தயவில் நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமா?

கம்ப்யூட்டர் சென்டரில் சி பிளஸ் பிளஸ் வகுப்பில், நீங்கள் வேலை செய்யும் நம் தங்கச் சுரங்கத்தையே புரோகிராமாக எழுதினேன். கேஜ் லிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆப்ஜெக்ட். ஒருவருக்கு ஞானதாஸ் என்று உங்கள் பெயரையே வைத்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரையும் மெமரியிலிருந்து அழிக்க வேண்டும். ஞானதாஸை அழிக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

"இன்னாம்மா, ஷிஃப்ட் முடிஞ்சும் ஒரு ஆளு உள்ளயே கெடக்கறாரு?" என்று சார் கேட்டார். வகுப்பே சிரித்தது. பள்ளியைப் பாதியில் விட்டவள் நான். ஏன் அழிக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தது. அழிக்காததால் உங்களைக் கீழேயே விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. உடனே அழித்தேன்.

லேப் திறந்துவிட்டார்கள், ஓடுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்று, ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் ஆண்டர்சன்பேட்டை பூத்திலிருந்து ஹாஸ்டலுக்கு ஒரு போன் போடுங்கள், நைனா. என்னைத் திட்டினாலும் போதும்.

உங்கள் மகள்
ரோஸ்லின்