மூன்று மணிக் காபி

சோல்டாவ்,
22 செப்டம்பர் 2025

அன்புத் தம்பி ஹென்னிங்குக்கு,

அக்கா வீப்கெ எழுதுவது. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். உன் காரில் ஒரு கீறல்கூட விழவில்லை, உனக்கென்ன குறை.

போனில் உன்னோடு பேச முடியாததால் எழுதுகிறேன். இரண்டு முறை கூப்பிட்டேன், இரண்டு முறையும் பாதியில் துண்டித்தாய். மூன்றாவது முறை எடுக்கவே இல்லை. கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதானால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி.

அப்பாவுக்கு இடுப்பு வலி பரவாயில்லை. ஊன்றுகோல் இல்லாமல் பேக்கரி வரை போய் வருகிறார். போகிற இடமெல்லாம் உன் புராணம்தான். அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நாம் இரண்டு பேரும் சோல்டாவிலிருந்து கோட்டிங்கனில் அவர் வீட்டுக்கு, இரண்டு மணி நேரப் பாதையை ஒரே மணி நேரத்தில் கடந்து வந்து சேர்ந்ததைப் பேக்கரிக்காரியிடம் சொல்லியாயிற்று, முடிவெட்டுகிறவரிடம் சொல்லியாயிற்று, இப்போது எலும்பு டாக்டரிடமும் சொல்லிவிட்டார். "மூணு அடிக்க இன்னும் மூணு நிமிஷம் இருக்கு, பையன் வந்து கப்புக்கு முன்னால உக்காந்துட்டான்" என்று அவர் சொல்லும்போது நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். நம் வீட்டில் பிறந்தநாள் என்றால் மூன்று மணிக்குக் காபி ஊற்றப்படும். வந்தவர் குடிப்பார், வராதவர் கப்பில் ஆறிப்போன காபி நிற்கும், அதை யாரும் எடுக்கக் கூடாது. அம்மா இறந்த வருடம்கூட அப்பா அதை மாற்றவில்லை. அந்த ஆறிய கப்புக்குப் பயந்துதான் நாம் இருவரும் வளர்ந்தோம். உனக்கு நாற்பத்தொன்று, எனக்கு நாற்பத்தாறு. இன்னமும் பயப்படுகிறோம் பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை. நார்வேயிலிருந்து வந்து, கீலில் கப்பலைவிட்டு இறங்கி, ஹாம்பர்க் சுரங்கப்பாதையில் நெரிசலில் மாட்டி, ஒரு மணிக்கு வர வேண்டிய நீ ஒன்று ஐம்பதுக்கு என் வாசலில் வந்து நின்றாய். நான் சீட் பெல்ட்டை மாட்டுவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. "அங்க பதினோரு மாசமா நூத்திப்பத்துலயே உருட்டுறேன் அக்கா. கீல்ல இறங்கினாத்தான் எனக்கு மூச்சே வருது" என்றாய். நானும் சிரித்தேன். நார்வேயில் நீ எப்படி ஓட்டுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் உன்னோடு உன் ஊர் டிராமனிலிருந்து லில்லஹாமர் வரை வந்தேனே. எண்பது என்று போட்டிருந்த இடத்தில் எழுபத்தெட்டில் போனாய். ஒரு கேமராவிலிருந்து அடுத்த கேமராவுக்கு எத்தனை நேரத்தில் போகிறோம் என்று கணக்கிடுகிறார்கள் என்று எனக்கே பாடம் எடுத்தாய். ஒரு முறை உரிமத்தைப் பிடுங்கியபோது மூன்று மாதம் பனியில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனவன் நீ. அங்கே உனக்கு முன்னால் ஒரு கிழவி அறுபதில் போனாலும் பொறுமையாகப் பின்னால் போவாய். எங்கள் ஊர்க் கிழவிக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை? அங்கே உன்னைப் பிடிப்பார்கள், இங்கே பிடிக்க மாட்டார்கள். அவ்வளவுதானே உன் ஒழுக்கம்?

நம் ஜெர்மனியின் ஏழாம் எண் விரைவுச்சாலையில் ஏறியதும் வேகக் கட்டுப்பாடு முடிந்தது, இனி எவ்வளவு வேகத்திலும் போகலாம் என்ற பலகை வந்தது. நீ மிதித்தாய். நடுத்தடத்தில் டச்சுக்காரர்கள் விடுமுறை முடிந்து கேரவன் வீட்டைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு வரிசையாக ஊர்ந்தார்கள். அவர்களை முந்துவதற்காக ஒரு சிறிய சிவப்புக் கார் முந்துவதற்கான இடது தடத்துக்கு வந்தது. வயசான வண்டி. நூற்றி முப்பதில் போயிருக்கும், அதற்கு மேல் அதால் முடியாது. ஓட்டுநர் பள்ளியில் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? வேகமானி முள் காட்டுகிற எண்ணில் பாதி, அத்தனை மீட்டர் இடைவெளி. அறுபத்தைந்து மீட்டர் விட்டிருக்க வேண்டிய இடத்தில் நீ எவ்வளவு விட்டாய் தெரியுமா? அந்தக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த முள்ளெலிப் படத்தில் முள்ளெலி மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது என்பது வரை எனக்குத் தெரிந்தது. இடது பக்க விளக்கைச் சிமிட்டவிட்டு, முகப்பு விளக்கை அடித்தாய், அடித்தாய், அடித்துக்கொண்டே இருந்தாய். அந்தக் கார் பதறி இரண்டு கேரவன்களுக்கு நடுவில் புகுந்தது. நீ பறந்தாய். முள் இருநூற்று முப்பத்தொன்றைத் தொட்டபோது, "ஒரு போட்டோ எடு அக்கா, நார்வேக்காரனுங்க நம்ப மாட்டானுங்க" என்றாய். எடுத்தேன். மணி இரண்டு ஆறு என்று போட்டோவிலேயே இருக்கிறது. அதை அழித்துவிடு என்று அப்புறம் செய்தி அனுப்பியிருந்தாய். அழிக்கவில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனேன். பத்தொன்பது வருடமாக என்ன வேலையோ அதே வேலை. ஆரஞ்சு உடுப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் பகுதியை ஓட்டிப் பார்த்து, ஓரத்தில் கிடப்பதை எல்லாம் பொறுக்குவது. கிழிந்த டயர், மெத்தை, ஒற்றைச் செருப்பு. அன்று தடுப்புக் கம்பியில் மூன்று துண்டு மாற்ற வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கார் கம்பியில் மோதிப் புரண்டிருக்கிறது. காரை ஏற்கெனவே எடுத்துப் போய்விட்டார்கள். புல்லில் கண்ணாடி அரிசி மாதிரி சிதறிக் கிடந்தது. ஒரு துண்டு மட்டும் சிதறாமல் இருந்தது. படம் ஒட்டியிருந்ததால் அந்த இடம் உதிரவில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட அதே முள்ளெலி.

பக்கத்தில் பிளம் கேக் தார்ச்சாலையில் கொட்டிக் கிடந்தது. குளவிகள் மொய்த்தன. கேக் சுட்ட தகரத் தட்டு நசுங்காமல் கொஞ்ச தூரத்தில் இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். நம் அம்மா ஒட்டுவது போலவே அடியில் பிளாஸ்திரி ஒட்டி, விசேஷ வீட்டில் தட்டு மாறிவிடக் கூடாதென்று பெயர் எழுதியிருந்தது: ரோஸ்வித்தா போல்.

அன்று மாலைதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "நாம அந்தக் காரைத் தொடவே இல்லையே அக்கா. தொடாம எப்படி இடிக்கும்? பயந்தவங்க இடது பக்கம் வரக் கூடாது." தொடவில்லையாம். அவளை ஓட ஓட விரட்டிவிட்டு, தடுக்கியது அவள் கால்தான் என்கிறாய். இரண்டாம் முறை கூப்பிட்டபோது இன்னும் ஒருபடி மேலே போனாய். "உன் வேலை ரோட்டைக் கூட்டுறதுதானே, கூட்டிட்டுப் போ" என்றாய். கூட்டினேன் தம்பி. உன்னுடையதையும் சேர்த்துக் கூட்டினேன்.

போன புதன்கிழமை அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். சாலையில் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொன்னதும் உள்ளே விட்டார்கள். ரோஸ்வித்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. வேலை என்ன தெரியுமா? காரில் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடக்கிற முதியவர்களைக் குளிப்பாட்டி மருந்து கொடுப்பது. அன்று தன் அக்கா வீட்டுக்குக் கேக் கொண்டு போயிருக்கிறாள். அவளுக்கும் மூன்று மணிக்குக் காபி.

தட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அம்மாவுடைய தட்டாம். அப்புறம் மெல்லச் சொன்னாள். பின்னால் ஒரு கறுப்புக் கார் விளக்கடித்துத் துரத்தியது, பயந்து ஒதுங்கினேன், கேரவன் மேல் மோதிவிடுவேனோ என்று இன்னும் வலப்பக்கம் ஒடித்தேன் என்று போலீஸிடம் சொல்லியிருக்கிறாள். அப்படி ஒரு காரை யாரும் பார்க்கவில்லை. கேரவன்காரர்கள் யாரும் முன்வரவில்லை. தானாகவே கம்பியில் போய் மோதியவளுக்கு மயக்கம் வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மூளையைப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். உரிமம் இல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க ரோட்டுல வேலை செய்றவங்க, உண்மையைச் சொல்லுங்கம்மா. என் பின்னாடி கார் வந்துதா, இல்ல நானாத்தான் நெனச்சுக்கிட்டேனா? எல்லாரும் கேட்டுக் கேட்டு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

ஹென்னிங், உடைந்த எலும்பு கூடிவிடும். ஒருத்தி தன் கண்ணையே நம்ப முடியாமல் கிடக்கிறாளே, அதை யார் கூட்டி வைப்பது? அவளைப் பைத்தியக்காரியாக்கிவிட்டு நீ டிராமனில் நூற்றிப்பத்தில் உத்தமனாக ஓட்டிக்கொண்டிருக்கிறாய். இந்தக் கடிதத்தை மூன்றாவது தாளில் எழுதுகிறேன். முதல் இரண்டில் பேனா கிழித்துவிட்டது.

நான் அவளிடம் என்ன சொன்னேன் என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். "தெரியலைங்க" என்றேன். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதித் தொலைக்கிறேன். மூன்று வாரமாக உன்னைத் திட்டித் திட்டி அதை அமுக்கி வைத்திருக்கிறேன். அன்று அந்தச் சிவப்புக் காருக்குப் பின்னால் போனபோது நீ முதலில் வேகத்தைக் குறைத்தாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நான் மணியைப் பார்த்தேன். அப்பாவின் கப் கண்முன் வந்தது. "லைட்டை அடிடா, ஒதுங்கட்டும்" என்று சொன்னது நான். பத்தொன்பது வருடமாக அந்தச் சாலையில் ரத்தம் கழுவுகிற நான் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காரைத் தாண்டிய பிறகு நான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். தூரத்தில் சாலை ஓரத்தில் புழுதி எழுந்தது. "என்ன அக்கா பாக்குற?" என்று கேட்டாய். "ஒண்ணும் இல்ல, ஓட்டு" என்றேன். ஒன்றும் இல்லையாம். புழுதி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? அது என் தொழில். அப்போதே நிறுத்தச் சொல்லியிருந்தால், அவள் தனியாகத் தலைகீழாகத் தொங்கியிருக்க மாட்டாள். நாம் அப்பா வீட்டில் போய் உட்கார்ந்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் இரண்டு துண்டு பிளம் கேக் சாப்பிட்டேன்.

அதனால் உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. மிதித்தது உன் கால். நான் சொன்னேன் என்பதற்காக விளக்கை அடிக்க நீ குழந்தை இல்லை. போட்டோவை அழிக்கச் சொல்லி எனக்குச் செய்தி அனுப்பியது நீ. "கூட்டிட்டுப் போ" என்றது நீ.

அக்டோபர் 2, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். போட்டோவையும், முள்ளெலி ஒட்டிய அந்தக் கண்ணாடித் துண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இரண்டு பெயரையும் சொல்வேன், என் பெயரை முதலில். அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போய், "உங்க பின்னாடி கார் இருந்துதுங்க, நான் அதுக்குள்ளதான் இருந்தேன்" என்று சொல்வேன். அப்பாவுக்கும் சொல்லத்தான் வேண்டும். அது போலீஸைவிடக் கஷ்டம். வேலை எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

நீயாக வந்து சொன்னால் அது ஒன்று. நான் காட்டிக்கொடுத்தால் அது வேறு. காட்டிக்கொடுப்பேன், சந்தேகப்படாதே. ஆனால் எனக்கு இருப்பது ஒரே தம்பி. அந்தப் போலீஸ் நிலையப் படிக்கட்டில் நான் தனியாக ஏறும்படி வைத்துவிடாதே.

புதன்கிழமையே வந்துவிடு. எப்போதும் வருகிற கப்பலில் வந்து கீலில் இறங்கு. அதற்கப்புறம் வலது தடத்திலேயே வா. நூற்றிப்பத்தில் வா, உனக்குத்தான் அது நன்றாகத் தெரியுமே. கேரவன் முன்னால் போனால் அதன் பின்னாலேயே வா. எவனாவது லைட் அடித்தால் அடிக்கட்டும். உன் அறையில் கட்டில் போட்டு வைக்கிறேன். மேஜையில் இரண்டு கப் இருக்கும். மூன்று மணி அடித்தாலும் ஊற்ற மாட்டேன். ஐந்தானாலும், எட்டானாலும், நீ உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் ஊற்றுவேன். மெதுவாக வா தம்பி. ஆனால் வா.

உன் அக்கா,
வீப்கெ